கணிதத்தில் எந்தப் பிரிவில் ஆராய்ச்சி செய்வது? மதுரை மாணவி ஒருவரின் கேள்விக்கு விரிவான பதில்

கேள்வி சுருக்கமாக இது. மதுரையில் எம்.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு. அல்ஜீப்ராவும் அனாலிசிஸும் பிடிக்கும். நெட் (கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான தேசியத் தகுதித் தேர்வு) தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். பிஎச்.டி. என்று பேச்செடுத்தாலே சீனியர்கள், "கிராஃப் தியரி எடும்மா, மூணு வருஷத்துல முடிச்சிடலாம்" என்கிறார்கள். (கிராஃப் தியரி என்பது முனைகள் எனப்படும் புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் விளிம்புகள் எனப்படும் கோடுகளையும் ஆராயும் பிரிவு.) வீட்டில் வெளியூர் அனுப்பத் தயக்கம். எந்தப் பிரிவை எடுப்பது?

கிராஃப் தியரியா, டோபாலஜியா, அல்ஜீப்ராவா என்று பிரிவின் பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். எந்தப் பிரிவிலும் பலர் விடை தேடும் கேள்விகளும் உண்டு, பேப்பர் எண்ணிக்கைக்காகவே உண்டாக்கப்பட்ட கேள்விகளும் உண்டு. அடுத்த ஐந்து வருடம் நீங்கள் உட்கார்ந்திருக்கப் போவது ஒரு கேள்வியின் முன்னால். தேர்ந்தெடுக்க வேண்டியது அந்தக் கேள்வியை, அதைச் சொல்லித்தர வல்ல கைடை (ஆய்வு வழிகாட்டியை). பிரிவின் பெயர் அதற்குப் பிறகு தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

உலகம் முழுக்கக் கணித ஆய்வுகளை வகைப்படுத்தப் பயன்படும் பாட வகைப்பாட்டின் 2020 பதிப்பில் தலைப்புப் பிரிவுகள் மட்டுமே 63. கிராஃப் தியரிக்கு 05சி என்று குறியீடு. அதற்குள் லேபிளிங் (முனைகளுக்கு விதிப்படி எண் கொடுப்பது) 05சி78, டாமினேஷன் 05சி69, கிராஃபும் லீனியர் அல்ஜீப்ராவும் சேரும் இடம் 05சி50. இந்த மூன்றில் ஒன்றில் வேலை செய்பவர் இன்னொன்றில் வந்த பேப்பரைச் சுலபமாகப் படித்துவிட முடியாது. ஆகவே "கிராஃப் தியரி எடு" என்பது பாதி அறிவுரைதான். எந்த மூலையில் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

லேபிளிங்கையே எடுத்துக்கொள்வோம், தென் மாவட்டங்களில் அதிகம் பேர் செய்வது அது என்பதால். நான்கு முனைகள், மூன்று விளிம்புகள் கொண்ட ஒரு பாதை. முனைகளுக்கு வரிசையாக 0, 3, 1, 2 என்று எண் கொடுங்கள். அடுத்தடுத்த எண்களின் வித்தியாசம் 3, 2, 1. ஒன்றிலிருந்து விளிம்பு எண்ணிக்கை வரை எல்லா எண்ணும் சரியாக ஒருமுறை வந்துவிட்டது. இதற்குப் பெயர் கிரேஸ்ஃபுல் லேபிளிங். 1967-ல் ரோசா இதைக் கொண்டுவந்தது பொழுதுபோக்குக்காக அல்ல. ரிங்கல் 1963-ல் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: ஒரு மரத்தின் (சுழல் எதுவும் இல்லாத இணைந்த கிராஃபின்) விளிம்பு எண்ணிக்கையை இரட்டித்து ஒன்று கூட்டினால் வரும் எண்ணிக்கையில் முனைகள் கொண்ட முழுக் கிராஃபை (ஒவ்வொரு இரு முனையும் இணைந்ததை), அந்த மரத்தின் பிரதிகளாக மிச்சமின்றிப் பிரிக்க முடியுமா? மரத்துக்கு கிரேஸ்ஃபுல் லேபிளிங் கிடைத்துவிட்டால், முனைகளை வட்டத்தில் அடுக்கி மரத்தை ஒவ்வொரு படியாகச் சுழற்றினாலே அந்தப் பிரிப்பு கிடைத்துவிடும். லேபிளிங் அங்கே கருவி. வேறொரு கேள்விக்கு அது பதில் தந்தது.

ரிங்கலின் யூகம், மரம் போதுமான அளவு பெரிதாக இருக்கும்போது உண்மை என்று மான்ட்கோமரி, போக்ரோவ்ஸ்கி, சுடகோவ் மூவரும் 2020-ல் நிரூபணம் வெளியிட்டார்கள். அவர்களுக்கு உதவியது நிகழ்தகவு. எல்லா மரங்களும் கிரேஸ்ஃபுல்தானா என்பதற்கு இன்னும் விடை இல்லை. லேபிளிங்கில் இப்படிப்பட்ட கேள்வி இருக்கிறது. அதே லேபிளிங்கில் இன்னொரு வகை வேலையும் நடக்கிறது: வரையறையில் வித்தியாசத்தை எடுத்துவிட்டுச் சராசரி என்று போடுவது, பிறகு அதில் இன்னொரு நிபந்தனை சேர்ப்பது, அதைப் பாதை, சுழல், ஏணி, சீப்பு, சக்கரம் என்று ஐந்து குடும்பங்களுக்குச் சரிபார்த்து ஐந்து தேற்றம் எழுதுவது. கேலியன் பல ஆண்டுகளாகப் புதுப்பித்து வரும் லேபிளிங் தொகுப்பாய்வு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைத் திறந்து பாருங்கள். ஆயிரக்கணக்கான பேப்பர்களும் நூற்றுக்கும் மேற்பட்ட லேபிளிங் வகைகளும் வரிசையாக இருக்கும். உங்களுக்குத் தரப்படும் டாபிக் அந்த வரிசையில் எங்கே விழும் என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஒரு டாபிக் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க நான் சொல்வது மூன்று சோதனைகள். எம்.எஸ்சி. படிக்கிற யாரும் செய்யக்கூடியவைதான்.

முதல் சோதனை, கேட்டவர் யார். அந்த வரையறையைத் தன் பேப்பரில் பயன்படுத்தியவர்களைத் தேடுங்கள். கணித ஆய்வுக் கட்டுரைகளின் தரவுத்தளமான செட்பிமேத் (zbMATH) 2021 முதல் எல்லாருக்கும் இலவசம், கல்லூரிச் சந்தா வேண்டாம். மேற்கோள் காட்டியவர்கள் எல்லாரும் ஒரே கைடின் மாணவர்களாகவும் அவர்களுடைய மாணவர்களாகவும் இருந்தால், அந்த வட்டத்துக்கு வெளியே யாருக்கும் அந்தக் கேள்வி தேவைப்படவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது, தேற்றத்தின் விளைவு. வரையறையின் பெயரே வராத ஒரு வாக்கியத்தை அந்தத் தேற்றத்திலிருந்து பெற முடிகிறதா? மேலே கிரேஸ்ஃபுல் லேபிளிங்கிலிருந்து முழுக் கிராஃபின் பிரிப்பு வந்தது. அந்த மாதிரி ஏதாவது வர வேண்டும்.

மூன்றாவது, "முடியாது" என்று ஒரு தேற்றமாவது இருக்கிறதா? தீசிஸ் முழுக்க "இந்தக் கிராஃபுக்கு இந்த லேபிளிங் உண்டு" என்று மட்டுமே வந்து, எங்கேயும் "இல்லை" என்றோ "இருந்தால், இருந்தால் மட்டுமே" என்றோ வராவிட்டால், அங்கே கடினமான எதுவும் எதிர்ப்படவில்லை. எதிர்ப்பு இல்லாத இடத்தில் கற்றுக்கொள்ளவும் ஒன்றும் இருக்காது.

இதை டோபாலஜிக்கும் பொருத்திப் பாருங்கள். நார்மன் லெவின் 1970-ல் பொதுமைப்படுத்திய மூடிய கணங்களை வரையறுத்தார். ஒரு கணத்தை உள்ளடக்கும் ஒவ்வொரு திறந்த கணமும் அதன் அடைப்பையும் உள்ளடக்கினால் அது அத்தகைய கணம். அதிலிருந்து டி½ வெளி என்ற கருத்து வந்தது. கணினித் திரையின் புள்ளி வரிசையை இடவியலாகப் பார்க்கும் காலிம்ஸ்கி கோடு அப்படிப்பட்ட வெளிதான். ஆக மூலக்கருத்துக்கு வெளியே ஒரு பயன் இருந்தது. அதற்குப் பிறகு முன்னொட்டு மேல் முன்னொட்டாகச் சேர்த்து வந்த வரையறைகளில் பலவற்றுக்கு எடுத்துக்காட்டு எல்லாமே மூன்று புள்ளிக் கணம். ஒரு தீசிஸைப் புரட்டும்போது எதிர் எடுத்துக்காட்டுகள் அனைத்தும் மூன்று, நான்கு புள்ளி வெளிகளாகவே இருந்தால், மெய்யெண் கோட்டிலோ சார்பு வெளியிலோ அந்த வரையறை என்ன சொல்கிறது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த டாபிக் வேண்டாம்.

ஃபிக்ஸட் பாயின்ட் தியரியில் (ஒரு சார்பு நகர்த்தாமல் விடும் புள்ளிகளைத் தேடும் பிரிவில்) நடந்தது இன்னும் தெளிவான பாடம். பானாக்கின் 1922 தேற்றம் உலகத்துக்கே பயன்படுகிறது. மெட்ரிக் வெளி என்றால் புள்ளிகளுக்கிடையே தூரம் வரையறுத்த கணம். 2007-ல் கூம்பு மெட்ரிக் வெளி என்று ஒன்று வந்தது: தூரம் ஒரு எண்ணாக இல்லாமல் பானாக் வெளியில் ஒரு உறுப்பாக இருக்கும். அதன் மேல் ஏராளமான பேப்பர்கள் வந்தன. 2010 வாக்கில், அவற்றில் பல முடிவுகள் சாதாரண மெட்ரிக் வெளித் தேற்றங்களிலிருந்தே நேரடியாக வந்துவிடுகின்றன என்று காட்டிவிட்டார்கள். அதில் பாதி தீசிஸ் எழுதி வைத்திருந்த மாணவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். இதைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. புதிய வெளி, புதிய நிபந்தனை என்று யாராவது சொன்னால், அதைப் பழைய வெளியாக மாற்றித் தரும் எளிய சார்பு ஒன்று உண்டா என்று முதல் மாதத்திலேயே நீங்களே முயன்று பாருங்கள்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருவோம். அல்ஜீப்ரா, அனாலிசிஸ் இரண்டும் பிடிக்கும் என்கிறீர்கள். பரீட்சையில் பிடிப்பதும் தினசரி வேலையாகப் பிடிப்பதும் ஒன்றல்ல. அனாலிசிஸ் ஆராய்ச்சியில் பெரும்பாலான நாள் ஒரு சமனின்மையை இறுக்குவதில் போகும்: இந்த மாறிலியைச் சிறிதாக்க முடியுமா, இந்த நிபந்தனை இல்லாமல் ஒருங்குமா. அல்ஜீப்ராவில் நாள் போவது கட்டமைப்பில்: இந்த ஐடியலை எப்படிப் பிரிப்பது, இந்த மாட்யூல் எதற்குச் சமவடிவம். காம்பினட்டோரிக்ஸில் சின்னச் சின்ன வகைகளைக் கையால் போட்டுப் பார்த்து, எங்கே உடைகிறது என்று தேடுவது. நியூமரிக்கலில் பாதி நேரம் நிரலில் பிழை தேடுவது. இவற்றில் எது அலுக்காது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

ஒரு துப்பு நெட் தேர்விலேயே இருக்கிறது. சி பகுதியில் 60 கேள்விகள், அவற்றில் 20 எழுதலாம், ஒவ்வொன்றுக்கும் 4.75 மதிப்பெண், மைனஸ் கிடையாது. சரியான விடை ஒன்றுக்கு மேலும் இருக்கலாம், அனைத்தையும் சரியாகக் குறித்தால்தான் மதிப்பெண். அதனால் ஊகத்துக்கு இடம் குறைவு. பழைய வினாத்தாள் மூன்றை நேரம் வைத்துப் போடுங்கள். எந்த அலகில் நான்கு விருப்பங்களுக்கும் காரணத்தோடு பதில் எழுத முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மொத்த மதிப்பெண்ணைவிட அந்தக் குறிப்பு உங்களுக்கு அதிகம் சொல்லும்.

அல்ஜீப்ரா பிடித்து, அருகில் கிடைக்கும் கைடு கிராஃப் தியரிக்காரர் என்றால் அதை இழப்பாக நினைக்க வேண்டியதில்லை. இரண்டும் சேரும் இடங்கள்தான் இன்று செழிப்பாக இருக்கின்றன. அவற்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஸ்பெக்ட்ரல் கிராஃப் தியரிக்கு எம்.எஸ்சி. லீனியர் அல்ஜீப்ரா இருந்தால் உள்ளே நுழையலாம். கிராஃபின் அட்ஜசென்சி மேட்ரிக்ஸை எழுதி அதன் ஐகன் மதிப்புகளைப் பார்ப்பது. பீட்டர்சன் கிராஃபுக்கு அவை 3 ஒருமுறை, 1 ஐந்துமுறை, −2 நான்குமுறை. இந்தக் கணக்கின் பலத்துக்கு ஒரு சான்று: விட்டம் 2 (எந்த இரு முனைக்கும் இடையே அதிகபட்சம் இரண்டு விளிம்பு), கெர்த் 5 (மிகச் சிறிய சுழலில் ஐந்து விளிம்பு) கொண்ட சீரான கிராஃபின் டிகிரி (ஒரு முனையில் சேரும் விளிம்பு எண்ணிக்கை) 2, 3, 7, 57 ஆகிய நான்கில் ஒன்றாகத்தான் இருக்க முடியும் என்று ஹாஃப்மனும் சிங்கிள்டனும் 1960-ல் நிரூபித்தார்கள். ஐகன் மதிப்புகளின் மடங்கு எண்ணிக்கை முழு எண்ணாக வர வேண்டும் என்ற ஒரே நிபந்தனையிலிருந்து அது வந்துவிடுகிறது. டிகிரி 57-க்கு, அதாவது 3250 முனைகளோடு, அப்படி ஒரு கிராஃப் இருக்கிறதா என்பது இன்றும் தெரியாது. மேலே சொன்ன மூன்று சோதனைகளும் இங்கே தேறிவிடும்.

எட்ஜ் ஐடியல் என்பது கிராஃபின் ஒவ்வொரு முனைக்கும் ஒரு மாறி, ஒவ்வொரு விளிம்புக்கும் இரண்டு மாறிகளின் பெருக்கல் என்று எடுத்து, அவற்றால் உண்டாகும் ஐடியலை ஆராய்வது. ஃப்ரோபெர்க் 1990-ல் காட்டியது: அந்த ஐடியலுக்கு லீனியர் ரெசல்யூஷன் இருக்க, நிரப்பு கிராஃப் கார்டலாக (மூன்றுக்கு மேல் நீளமான ஒவ்வொரு சுழலிலும் ஒரு குறுக்கு விளிம்பு கொண்டதாக) இருப்பது தேவையும் போதுமானதும் ஆகும். ஒரு பக்கம் முழுக்க அல்ஜீப்ரா, மறுபக்கம் முழுக்கக் கிராஃப். இந்தியாவில் இதில் வேலை செய்பவர்கள் பலர், கருத்தரங்குகளும் நடக்கின்றன. மெக்காலே2 என்ற இலவச மென்பொருளில் சின்ன கிராஃப்களுக்கு எல்லாவற்றையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். நுழைவுக் கட்டணம் என்னவென்றால், கம்யூட்டேட்டிவ் அல்ஜீப்ராவில் நொய்தேரியன் வளையம், லோக்கலைசேஷன், பிரைமரி டீகம்போசிஷன், ரெசல்யூஷன் வரை ஒரு வருடப் படிப்பு. எம்.எஸ்சி. பாடத்திட்டம் பெரும்பாலும் இந்த எல்லைக்கு வராது.

வளையத்தின் ஜீரோ டிவைசர் கிராஃப் (பெருக்கினால் பூச்சியம் தரும் பூச்சியமல்லாத உறுப்புகளை விளிம்பால் இணைப்பது) நம் பகுதியில் பிரபலம். எண்கள் மாடுலோ 6-ல் 2, 3, 4 மூன்றும் முனைகள், 3-ஐ நடுவில் வைத்து ஒரு பாதை. ஆண்டர்சனும் லிவிங்ஸ்டனும் 1999-ல், கம்யூட்டேட்டிவ் வளையம் எதை எடுத்தாலும் இந்தக் கிராஃப் இணைந்தது, விட்டம் 3-ஐத் தாண்டாது என்று காட்டினார்கள். அழகான முடிவு. அதற்குப் பிறகு வந்த வகை வகையான கிராஃப்களில் எதையாவது கைடு தருகிறார் என்றால் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தக் கிராஃபிலிருந்து வளையத்தைப் பற்றி முன்பு தெரியாத ஏதாவது தெரிகிறதா? தெரியும் என்றால் எடுங்கள்.

ஃபைனைட் ஃபீல்டு, கோடிங் தியரி, கிரிப்டோகிராஃபி பக்கம் போக அல்ஜீப்ரா மாணவர்களுக்கு இப்போது நல்ல வாய்ப்பு. குவாண்டம் கணினியைத் தாங்கும் முதல் குறியாக்கத் தரநிலைகளை அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனம் 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. அவற்றில் முதன்மையானவை லாட்டிஸை (வெளியில் ஒழுங்காக அடுக்கிய புள்ளிகளின் வலையை) அடிப்படையாகக் கொண்டவை. கல்லூரி வேலை கிடைக்கத் தாமதமானாலும் இந்தப் படிப்புக்கு வெளியில் மதிப்பு உண்டு.

எண்கணிதக் கோட்பாட்டில் பிரிவினைகளும் (ஓர் எண்ணை மிகை முழு எண்களின் கூட்டலாக எழுதும் வழிகள்) க்யூ-தொடர்களும் ராமானுஜன் திறந்த வழி. 5-ஆல் வகுக்க 4 மீதி வரும் எண்களின் பிரிவினை எண்ணிக்கை 5-ஆல் வகுபடும்: 4-க்கு 5, 9-க்கு 30, 14-க்கு 135. தொடக்கம் எளிது, ஸேஜ் அல்லது பாரி மென்பொருளில் கணக்கிட்டுப் புதிய உறவுகளை ஊகிக்கலாம். ஆனால் மாடுலர் ஃபார்ம் படிக்காமல் இங்கே நெடுந்தூரம் போக முடியாது. அதைப் படிக்கத் தயாராக இருப்பவரைத்தான் கைடாகத் தேட வேண்டும்.

அனாலிசிஸ் பக்கம் சுருக்கமாக: ஆபரேட்டர் தியரிக்கு ஃபங்ஷனல் அனாலிசிஸோடு காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸும் உறுதியாக வேண்டும். பார்ஷியல் டிஃபரன்ஷியல் சமன்பாடுகளுக்கு மெஷர் தியரி, சோபோலேவ் வெளிகள். இதற்கு நாட்டில் முக்கிய இடம் பெங்களூரில் உள்ள டி.ஐ.எஃப்.ஆரின் (டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின்) பயன்பாட்டுக் கணித மையம். நிகழ்தகவு என்றால் மெஷர் தியரிதான் வாசல். 2007-ல் ஏபெல் பரிசு பெற்ற சென்னைக்காரர் எஸ்.ஆர்.எஸ். வரதன் அந்தத் துறையில்தான் உயர்ந்தார். பகுதிநேரமாக, கெஸ்ட் லெக்சரராக வேலை பார்த்துக்கொண்டே செய்ய நினைப்பவர்களுக்கு இந்த மூன்றும் கடினம். தொடர்ந்து நாலைந்து மணி நேரம் உட்காராமல் இவை பிடிபடாது. காம்பினட்டோரிக்ஸ் கேள்விகளைத் துண்டு துண்டாகச் சிந்திக்க முடியும்.

அல்ஜீப்ரைக் ஜியோமெட்ரி, அல்ஜீப்ரைக் எண்கணிதம் இரண்டும் ஆசை என்றால், சுற்றி ஒரு குழு இருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். படிக்கவே இரண்டு வருடம் ஆகும், தனியாகப் படித்தால் எங்கே தவறாகப் புரிந்துகொண்டோம் என்று சொல்ல ஆள் இருக்காது. சென்னையில் தரமணி ஐ.எம்.எஸ்.சி. (கணித அறிவியல் நிறுவனம்), சிறுசேரி சி.எம்.ஐ. (சென்னை கணிதவியல் கழகம்), மும்பை டி.ஐ.எஃப்.ஆர். போன்ற இடங்கள் அதற்குத்தான்.

கைடைப் பற்றி. டாபிக்கைவிட இது முக்கியம் என்று சொல்லத் தயங்கமாட்டேன். இந்தியப் பல்கலைக்கழகங்களின் தீசிஸ்களைத் தொகுத்து வைத்திருக்கும் சோத்கங்கா தளத்தில் அவருடைய வழிகாட்டலில் முடிந்த தீசிஸ்கள் கிடைக்கும். கடைசி நான்கைந்தை இறக்கி, முன்னுரையையும் வெளியீட்டுப் பட்டியலையும் மட்டும் படியுங்கள். ஐந்து தீசிஸிலும் அத்தியாயத் தலைப்புகள் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருந்தால் ஆறாவதாக நீங்களும் அதையே எழுதுவீர்கள். மாணவர்கள் எந்த ஜர்னல்களில் வெளியிட்டார்கள், முடித்தபின் தனியாக ஏதாவது எழுதினார்களா என்று பாருங்கள். தனியாக எழுதியிருந்தால் அந்தக் கைடு ஆராய்ச்சி சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழுவின்) 2022 பிஎச்.டி. விதிகளில் சில உங்களை நேரடியாகத் தொடும். ஒரு புரொஃபசர் ஒரே சமயத்தில் 8 பேருக்கும், அசோசியேட் 6 பேருக்கும், அசிஸ்டென்ட் 4 பேருக்கும்தான் வழிகாட்டலாம். ஓய்வுக்கு மூன்று வருடத்துக்குள் இருப்பவர் புது மாணவரை எடுக்க முடியாது. ஆகவே இடம் இருக்கிறதா, ஓய்வு எப்போது என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. படிப்புக்காலம் குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6. கோர்ஸ் வொர்க் குறைந்தது 12 கிரெடிட். எம்.ஃபில். இப்போது இல்லை, எனவே முன்பு அங்கே நடந்த "இந்தப் பிரிவு ஒத்துவருமா" என்ற சோதனையை எம்.எஸ்சி. புராஜெக்டிலேயே செய்தாக வேண்டும். புராஜெக்டுக்குக் கல்லூரி தரும் பட்டியலில் இருந்து சும்மா ஒன்றை எடுக்காமல், நீங்கள் யோசிக்கும் பிரிவிலேயே கேட்டு வாங்குங்கள்.

அந்தச் சோதனையை ஆறு வாரத்தில் இப்படிச் செய்யலாம். முதல் மூன்று வாரம், அந்தப் பிரிவின் அறிமுக நூல் ஒன்றில் முதல் இரண்டு அத்தியாயம், பயிற்சிக் கணக்குகள் முப்பது, விடை பார்க்காமல். பத்துக்குக் கீழ் வந்தால் அடிப்படைப் பாடத்தில் ஓட்டை இருக்கிறது, அதைப் பிரிவின் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டையை அடைத்துவிட்டு மீண்டும் போடுங்கள். நான்காவது, ஐந்தாவது வாரம் கடந்த பத்து வருடத்துக்குள் வந்த ஒரு சிறிய பேப்பர், பதினைந்து பக்கத்துக்குள். பேப்பர்களை இலவசமாகத் தரும் ஆர்க்கைவ் (arXiv) தளத்தில் எடுக்கலாம். ஒவ்வொரு "எளிதில் காணலாம்" வரியையும் நீங்களே நிரூபித்து எழுதுங்கள். பேப்பர் படிப்பதில் பெரும்பாலோர் தடுமாறுவது இந்த வரிகளில்தான். ஆறாவது வாரம், அந்தத் தேற்றத்தின் ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று எதிர் எடுத்துக்காட்டு தேடி இரண்டு பக்கம் எழுதுங்கள். இரண்டு பிரிவுகளுக்கு இதைச் செய்தால் மூன்று மாதம். எழுதிய தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

வீட்டுத் தயக்கம் பற்றி. மதுரையிலேயே காமராசர் பல்கலைக்கழகமும் ஆய்வு மையம் உள்ள பழைய கல்லூரிகளும் இருக்கின்றன. அதைத் தாண்டி இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று இடங்கள் உண்டு. ஆரப்பாளையத்தில் திண்டுக்கல் பஸ் ஏறினால் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமம். காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் ராமானுஜன் உயர்கணித மையம். ராஜபாளையம் போகும் வழியில், திருவில்லிபுத்தூருக்கு முன்னால் கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம், டிஸ்கிரீட் கணிதத்துக்கான தேசிய மையம் அமைந்த இடம் அது. இந்த நான்கு இடங்களின் இணையதளங்களிலும் கணித ஆசிரியர்களின் வெளியீட்டுப் பட்டியலை எடுத்து, மேலே சொன்ன மூன்று சோதனைகளை வைத்து ஒரு தாளில் பெயர்களை வரிசைப்படுத்துங்கள். பட்டியல் பெரிதாக இருக்காது, ஆனால் நல்ல பெயர்கள் இருக்கும்.

சென்னை, பெங்களூர் விஷயத்தில் வீட்டாரிடம் பேச உதவும் தகவல்: அங்கே விடுதி உண்டு, படிப்புக்குச் செலவு செய்வதற்குப் பதில் மாதம் பணம் வரும். நெட் வழியாகக் கிடைக்கும் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து, முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, பிறகு 42,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. தேசிய உயர்கணித வாரியத்தின் பிஎச்.டி. உதவித்தொகைக்குத் தனித் தேர்வு உண்டு. அதில் விரிவாக யோசிக்க வைக்கும் கேள்விகள் வருவதால், நெட் கிடைக்காதவர்களுக்கும் அது கிடைப்பதுண்டு. பல்கலைக்கழக முதலிடம் வந்தால் மத்திய அரசின் இன்ஸ்பையர் ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். பிஎச்.டி. தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு தேசிய கணித மையம் நடத்தும் அடித்தளப் பள்ளிகளில் அல்ஜீப்ரா, அனாலிசிஸ், டோபாலஜி மூன்றையும் சில வாரங்கள் ஆழமாகச் சொல்லித் தருகிறார்கள். பயணச் செலவையும் தங்குமிடத்தையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். மதுரையில் கைடு இருந்தாலும் இதற்கு அனுப்பக்கூடியவரா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். உங்களுக்கு ஒரு வருடம் பின்னால் படிப்பவர்களிடம் 1993 முதல் நடக்கும் எம்.டி.டி.எஸ். என்ற கணிதப் பயிற்சிக் கோடை முகாமைப் பற்றிச் சொல்லுங்கள், தங்குமிடமும் சாப்பாடும் இலவசம்.

"மூணு வருஷத்துல முடிச்சிடலாம்" என்பதற்கும் ஒரு பதில் தேவை. கணிதத்தில் நல்ல ஜர்னலுக்கு அனுப்பிய பேப்பருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகலாம், ஒவ்வொரு வரியையும் ஒருவர் சரிபார்க்க வேண்டும். பதினைந்து நாளில் ஏற்பு, கட்டணம் இவ்வளவு என்று மின்னஞ்சல் வந்தால் பதில் போடாதீர்கள். சந்தாவில் நடக்கும் கணித ஜர்னல்கள் எழுதியவரிடம் பணம் கேட்பதில்லை. ஏற்கத்தக்க ஜர்னல்களைக் குறித்த யு.ஜி.சி.-கேர் பட்டியல் 2025 பிப்ரவரியோடு கைவிடப்பட்டுவிட்டது, "பட்டியலில் இருக்கிறது" என்ற ஆறுதல் இனி இல்லை. ஜர்னலின் ஆசிரியர் குழுவில் அந்தத் துறையில் தெரிந்த பெயர்கள் இருக்கின்றனவா என்று நீங்களே பார்க்க வேண்டும். 2022 விதிப்படி தீசிஸ் தர பேப்பர் வெளியாகியிருக்க வேண்டும் என்ற மத்திய நிபந்தனையும் இல்லை, பல்கலைக்கழகம் தனியாக விதித்திருந்தால் மட்டுமே. ஆகவே அவசரப் பேப்பருக்காக டாபிக்கைச் சுருக்க வேண்டிய கட்டாயம் குறைந்துவிட்டது. தீசிஸ் எழுதித் தருகிறோம் என்று விளம்பரம் செய்பவர்கள் பக்கமே போக வேண்டாம். எழுத்துத் திருட்டு பற்றிய யு.ஜி.சி.யின் 2018 விதிகளில், பிறர் எழுத்தோடு 10 சதவீதத்துக்கு மேல் ஒற்றுமை இருந்தால் திருத்தம், 40-ஐத் தாண்டினால் ஒரு வருடத் தடை, 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து.

தேர்ந்தெடுத்த மூன்று கைடுகளுக்கு இப்போதே எழுதுங்கள், நெட் முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம். கடிதம் பத்து வரி போதும். யார், எங்கே படிக்கிறீர்கள் என்று ஒரு வரி. அவருடைய எந்தப் பேப்பரைப் படித்தீர்கள், அதில் எந்தத் தேற்றம் வரை புரிந்தது, எங்கே நின்றுவிட்டது என்று மூன்று வரி. ஆறாவது வாரம் எழுதிய இரண்டு பக்கத்தை இணைத்துவிடுங்கள். "உங்கள் கீழ் எந்தத் தலைப்பிலும் வேலை செய்யத் தயார்" என்று எழுதாதீர்கள், படிக்கிறவருக்கு அதிலிருந்து எதுவும் தெரியாது. இணைத்த பக்கங்களில் உள்ள கணிதத்தைப் பற்றி ஒரு வரியாவது பதில் எழுதுகிறவரிடம் நேரில் போய்ப் பாருங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் வராவிட்டால் பட்டியலில் அடுத்த பெயருக்கு எழுதுங்கள்.